அலறும் அளவுக்கு உருட்டாதீர்கள்

வாசகர் கேள்வி – பிசியோதெரபிஸ்ட் பதில்

போன மாதம் முழங்கால் வலியைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ஃபோம் ரோலர் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தேன். தசையை அதன் மேல் வைத்து உருட்டுகிற கெட்டியான நுரை உருளை அது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். எல்லோருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு 34 வயது, ஐ.டி. வேலை. ரேஸ்கோர்ஸில் வாரம் நான்கு நாள் ஓடுகிறேன். முழங்காலின் வெளிப்பக்கம் வலி வந்ததிலிருந்து தினமும் பதினைந்து நிமிடம் தொடையின் வெளிப்பக்கத்தை ரோலரில் உருட்டுகிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் முடிச்செல்லாம் உடைகிற வரைக்கும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் ஜிம் பயிற்சியாளர். இரண்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் எத்தனை நாள் மேடம்?
– வாசகர், கோவை

இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அங்கே உடைவதற்கு எதுவும் இல்லை.

நீங்கள் உருட்டும் இடத்தில் இருப்பது ஐ.டி. பேண்ட் (இலியோடிபியல் பேண்ட்) என்று நாங்கள் சொல்லும் பட்டை. இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் தொடங்கி, தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே கால் எலும்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. அது தசை இல்லை. தோல்வார் மாதிரி கெட்டியான நார்ப்பட்டை. வழி நெடுகத் தொடை எலும்போடும் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. அதை உருட்டி நீட்டிவிட முடியுமா? 2008-இல் இதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். இந்தப் பட்டையையும் உள்ளங்காலில் இருக்கும் அதே மாதிரிப் பட்டையையும் வெறும் ஒரு சதவீதம் அமுக்குவதற்கே, மனித உடம்பு சாதாரணமாகத் தாங்கும் அளவைத் தாண்டிய விசை தேவை என்று அந்தக் கணக்கு சொன்னது. உங்கள் உடம்பு எடையைப் போட்டு ரோலரில் படுத்தால் வருகிற விசை அதற்குப் பக்கத்தில்கூட வராது. நடப்பது என்னவென்றால், பட்டைக்கு அடியில் இருக்கும் தொடைத் தசை பட்டைக்கும் எலும்புக்கும் நடுவில் மாட்டி நசுங்குகிறது. உங்களுக்குக் கண்ணீர் வருவது அதனால்தான்.

அப்படியானால் ரோலர் வீண் என்று அர்த்தம் இல்லை. அது வேலை செய்கிற விதம் வேறு. 2013-இல் கனடாவில் 11 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முன்தொடையை ஒவ்வொரு நிமிடமாக இரண்டு முறை உருட்டியதும் முழங்கால் மடங்கும் அளவு சுமார் 10 டிகிரி கூடியது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தபோதும் 8 டிகிரி மிச்சம் இருந்தது. தசையின் பலம் குறையவில்லை. இன்னொரு ஆய்வு 2016-இல் வந்தது. ஒரு காலின் கெண்டைக்காலை உருட்டினால், உருட்டாத மற்றக் காலின் கணுக்காலும் கொஞ்சம் அதிகமாக வளைந்து கொடுத்தது. தொடாத காலில் எந்த முடிச்சை உடைத்திருக்க முடியும்? மாறுவது நரம்பு மண்டலம். இந்த அளவு இழுவையைத் தாங்கலாம், பயப்பட வேண்டாம் என்று அது இசைந்து கொடுக்கிறது. அந்த இசைவு கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வலிக்க வலிக்க உருட்டுவதால் இந்த இசைவு அதிகமாகிவிடாது. என் கிளினிக்கில் ரோலரைக் கொடுத்துவிட்டு நான் காலைப் பார்க்க மாட்டேன், முகத்தைப் பார்ப்பேன். தாடை இறுகும். மூச்சு நின்றுபோகும். கால் விரல்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும். அடிக்கு உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளத் தயாராகிறது என்று பொருள். அந்த நேரத்தில், "காலையில் என்ன டிபன்?" என்று கேட்பேன். மூச்சு வாங்காமல் இட்லி, சாம்பார் என்று இயல்பாகப் பதில் வந்தால் அழுத்தம் சரி. "இ...ட்லி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தால், கையைத் தரையில் ஊன்றிப் பாதி எடையை எடுத்துவிடச் சொல்வேன். வீட்டில் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளலாம். பத்துக்கு ஐந்து அளவு வலி போதும். அதற்கு மேல் வேண்டவே வேண்டாம்.

இனி என்ன செய்யலாம்? அந்தப் பட்டையை விட்டுவிடுங்கள். அதோடு சேரும் பிட்டத் தசையையும் முன்தொடையையும் பக்கத்துக்கு ஒரு நிமிடம், மெதுவாக உருட்டுங்கள். உருட்டி முடித்த உடனே, அந்த இளக்கம் இருக்கும்போதே, ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராகத் தூக்கி இறக்குங்கள். பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. கால் முன்னால் போகாமல் உடம்புக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ இருக்க வேண்டும். இந்த வலிக்காரர்களில் பெரும்பாலோருக்கு இடுப்பின் பக்கவாட்டுத் தசை தளர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓடும் தூரத்தை இரண்டு மூன்று வாரம் பாதியாகக் குறையுங்கள், ஒரே திசையில் சுற்றாமல் மாற்றி ஓடுங்கள். பதினைந்து நிமிடம் உருட்டும் நேரத்தில் பத்து நிமிடத்தை இந்தப் பயிற்சிக்குக் கொடுங்கள் தம்பி. ஆறு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள்.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறேன். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். சாயங்காலம் ஆனால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது. ரோலர் ஆயிரம் ரூபாய் சொல்கிறார்கள். வீட்டில் இருக்கிற பொருளை வைத்து ஏதாவது செய்ய முடியுமா அக்கா?
– வாசகி, திருப்பூர்

தாராளமாக முடியும் தங்கச்சி. நீங்கள் சொல்லும் இடத்துக்கு ரோலரைவிடப் பந்துதான் நல்லது. ரோலர் பெரிய தசைகளுக்கு ஏற்றது, தோளின் மூலைக்குள் அது நுழையாது.

ஒரு டென்னிஸ் பந்து வாங்குங்கள். கடைகளில் கிரிக்கெட் ஆடப் பிள்ளைகள் வாங்கும் சாதாரணப் பந்தே போதும். கார்க் பந்து வேண்டாம், எலும்பில் பட்டால் கன்றிப்போகும். வீட்டில் ஜோடி தொலைந்த சாக்ஸ் ஒன்று இருக்குமே, அதற்குள் பந்தைப் போட்டு வாயை முடிந்துகொள்ளுங்கள். சாக்ஸின் நுனியைக் கையில் பிடித்துத் தோளுக்கு மேலே போட்டால் பந்து முதுகில் தொங்கும். அப்படியே சுவரில் சாய்ந்து நில்லுங்கள். முதுகுத்தண்டுக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் இருக்கும் சதையில் பந்து இருக்க வேண்டும், தண்டின் மேல் படக் கூடாது. முழங்காலை லேசாக மடக்கி நிமிர்த்தினால் பந்து மேலும் கீழும் உருளும். "ம்... அங்கதான்" என்று தோன்றும் ஒரு இடம் வரும். அங்கே உருட்டாமல் நிறுத்தி, ஐந்தாறு மூச்சு நன்றாக இழுத்து விடுங்கள். பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். சாக்ஸ் இருப்பதால் பந்து கீழே விழுந்து, நீங்கள் குனிந்து தேடும் வேலை இல்லை.

என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். நின்றபடியே பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ராத்திரி வந்ததும் வாசல் நிலையின் ஓரத்தில் முதுகைத் தேய்த்துக்கொள்வார். சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது நான் சொல்லிக் கொடுப்பதும் கிட்டத்தட்ட அதே வித்தைதான்.

ஆனால் ஒன்று. பன்னிரண்டு மணி நேரம் குனிந்த உடம்புக்கு மூன்று நிமிடப் பந்து தனியாக ஈடு கொடுக்காது. மெஷினில் ஊசிக்குப் பக்கத்தில் வெளிச்சம் போதவில்லை என்றால் கழுத்து தானாக முன்னால் போகும். சூப்பர்வைசரிடம் லைட்டைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஸ்டூல் தாழ்வாக இருந்தால் தோள் காதுக்கு ஏறிவிடும், ஒரு மடித்த துணியைப் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். டீ வரும்போது டம்ளரை வாங்குவதற்கு முன் இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் சேர்த்துப் பிடித்து விடுங்கள், பத்துத் தடவை. யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். கையில் மரத்துப்போவது, விரலில் எறும்பு ஊர்வது, பிடித்த பொருள் நழுவுவது இதெல்லாம் இருந்தால் அது நரம்புக் கோளாறாக இருக்கலாம். அப்போது பந்தை எடுக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

எங்கள் ஊரில் எண்ணெய் தேய்த்து நீவிவிடும் தாத்தா ஒருவர் இருக்கிறார். பேரன் ரோலர் வாங்கி வந்து, தாத்தா முறையெல்லாம் பழசு என்கிறான். சப்பாத்திக் கட்டையால் உருட்டினாலும் இதே பலன்தான் என்கிறாள் என் மருமகள். யார் சொல்வது சரி?
– வாசகி, காரைக்குடி

மூன்று பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இடித்துக்கொண்ட இடத்தை உடனே கையால் தேய்த்துவிட்டால் வலி குறைகிறதே, ஏன்? தொடுகையும் அழுத்தமும் எடுத்துப்போகும் சேதி, தண்டுவடத்தில் வலியின் சேதிக்கு வாசலைச் சாத்திவிடுகிறது. மெல்ஸாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-இல் இதை விளக்கினார்கள். தாத்தாவின் கை, ரோலர், கட்டை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நல்ல கைக்கு ஒரு கூடுதல் குணம் உண்டு, எங்கே இறுக்கம் என்று விரல் தேடிக் கண்டுபிடித்துவிடும். ரோலரில் அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கையில் இருக்கிறது, நள்ளிரவிலும் யாரையும் எழுப்ப வேண்டாம். சப்பாத்திக் கட்டை தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நல்லது, முன்னங்கால் எலும்பின் மேல் மட்டும் ஓட்டாதீர்கள். கால் பிசகி வீங்கியிருக்கும்போது மூன்றில் எதுவும் வேண்டாம். தசைநார் கிழிந்திருக்கலாம், எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம். வீக்கத்தின் மேல் நீவினால் நிலைமை மோசமாகும்.

தசையை வேகமாகத் தட்டி அதிரவைக்கும் மசாஜ் கன் வாங்கினேன். தினமும் பைக்கில் ஆபீஸ் போய் வருவதால் கழுத்து இறுகிப்போகிறது. கழுத்தில் வைக்கலாமா?
– வாசகர், சென்னை

கழுத்தின் முன்னாலும் பக்கவாட்டிலும் கண்டிப்பாக வைக்காதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் அங்கேதான் ஓடுகின்றன. மூன்று வாரமாகக் கழுத்தில் மசாஜ் கன் வைத்துவந்த 27 வயதுப் பெண்ணுக்கு, கழுத்து எலும்புகளின் ஊடே போகும் தமனியின் உட்சுவர் கிழிந்ததாக 2022-இல் ஒரு மருத்துவ அறிக்கை வெளிவந்தது. அபூர்வம்தான். ஆனால் அந்த அபூர்வம் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடக்கூடியது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். தோளின் மேல் சதையில், மிகக் குறைந்த வேகத்தில், ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தெலும்பு, முதுகுத்தண்டு, அக்குள், இடுப்பின் பக்கவாட்டில் சிறுநீரகம் இருக்கும் பகுதி, இவற்றில் வேண்டாம். பயன்படுத்திய பிறகு தசை தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறி அது.

அம்மாவுக்கு 61 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துகிற மாதிரி வலிக்கிறது என்கிறார். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீஸரில் உறையவைத்துப் பாதத்தில் உருட்டச் சொன்னார்கள். செய்யலாமா?
– வாசகி, திருச்சி

மற்றவர்களுக்கு நல்ல யோசனை. உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். இத்தனை வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம். ஐஸ் சுடுவது தெரியாமலே தோல் வெந்துபோகும். முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு துண்டுப் பஞ்சால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, தொடும்போதெல்லாம் சொல்லச் சொல்லுங்கள். தவறவிட்டால் உருட்டும் வேலையே வேண்டாம், பாதப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். பாதத்தில் புண், வெடிப்பு இருந்தாலும் அப்படித்தான்.

உணர்ச்சி நன்றாக இருந்தால், நாற்காலியில் உட்கார்ந்து டென்னிஸ் பந்தைப் பாதத்தின் கீழே வைத்துக் குதிகாலிலிருந்து விரல் வரை ஒரு நிமிடம் உருட்டட்டும். எழுந்து நின்று உடம்பு எடையைப் போட வேண்டாம், வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். இதைவிட முக்கியமானது, காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் செய்வது. காலை மடக்கி மறு தொடையின் மேல் வைத்து, கால் விரல்களைக் கையால் முழங்கால் பக்கம் இழுத்துப் பத்து வரை எண்ணி விடச் சொல்லுங்கள். இப்படிப் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். மெத்தென்ற செருப்பு ஒன்றை வீட்டுக்குள் போடுவதற்கென்றே வாங்கிக் கொடுங்கள். வெளியே போடுவதை உள்ளே போட மாட்டேன் என்பார்கள், அதனால்தான் தனியாகச் சொல்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு. ஸ்கூல் கபடி டீமில் ரைடர். பிராக்டீஸ் முடிந்து இரண்டாவது நாள் தொடையைத் தொடவே முடியவில்லை. லாக்டிக் ஆசிட் தேங்கியிருக்கிறது, ரோலரில் உருட்டி வெளியேற்று என்கிறான் சீனியர். மேட்சுக்கு முன்னால் உருட்டினால் வேகமாக ஓட முடியுமா மேடம்?
– மாணவன், நாமக்கல்

லாக்டிக் ஆசிட் எல்லாம் விளையாட்டு முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் உடம்பே சரிக்கட்டிவிடும் கண்ணு. இரண்டாவது நாள் வலி என்பது பழக்கமில்லாத வேலை செய்த தசையில் ஏற்பட்ட நுண்ணிய சேதமும் அது ஆறுகிற வேலையும். நல்லபடியாக ஆறித் தசை முன்னைவிட உறுதியாகும். ரோலர் அந்த வலியைக் கொஞ்சம் குறைக்கும், ஆறுவதை வேகப்படுத்தும் என்று நம்பிக்கொள்ளாதே. 2019-இல் 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விளையாட்டுக்கு முன் உருட்டினால் வளையும் தன்மை சுமார் 4 சதவீதம் கூடியது, ஓட்ட வேகம் 0.7 சதவீதம். விளையாடிய பின் உருட்டினால் வலி 6 சதவீதம் குறைந்தது. அவ்வளவுதான். மேட்சுக்கு முன் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் அரை அரை நிமிடம் உருட்டிவிட்டு, அதோடு உட்கார்ந்துவிடாமல் எழுந்து ஓடி உடம்பைச் சூடாக்கு. ராத்திரி ஒன்பது மணி நேரம் தூங்கு. முட்டையோ சுண்டலோ தினமும் சாப்பிடு. இவை இரண்டும் ரோலரைவிடப் பெரிது. ரோலர் வாங்கச் சொல்லி அப்பாவை நச்சரிக்காதே.

எனக்கு 52 வயது. கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தேன். கட்டைப் பிரித்துப் பத்து நாள் ஆகிறது. கெண்டைக்கால் இறுகி, சற்று வீங்கி, தொட்டால் சூடாக இருக்கிறது. பையன் ஆன்லைனில் ரோலர் வரவழைத்திருக்கிறான். எப்படி உருட்டுவது என்று படத்தோடு சொல்லுங்கள்.
– வாசகர், ஈரோடு

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஏறக்குறைய இதே கதையோடு ஒருவர் வந்தார். கட்டுப் பிரித்த கால், கெண்டைச்சதை பிடித்திருக்கிறது என்றார். வேறோர் இடத்தில் இரண்டு நாள் எண்ணெய் போட்டு அழுத்தி நீவியிருக்கிறார்கள். நானும் கையில் எண்ணெயை ஊற்றிவிட்டேன். என் சீனியர் அந்தப் பக்கமாகப் போனவர், நின்று, ஒரு டேப்பை எடுத்து நீட்டினார். "ரெண்டு காலையும் அள" என்றார். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கும் இடத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் இறங்கி, சுற்றளவை எடுத்தேன். நல்ல கால் 34. கட்டுப் போட்ட கால் 38. ஆறு வாரம் அசையாத கால் இளைத்துப்போய் இருக்க வேண்டும், பெருத்திருக்கக் கூடாது. எண்ணெயைத் துடைத்துவிட்டு அவரை அப்படியே ஸ்கேனுக்கு அனுப்பினோம். ஆழமான சிரையில் ரத்தம் உறைந்திருந்தது. அந்தக் கட்டி நசுக்கலில் பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் அவர் உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம். அன்றைக்கு என் கையில் எண்ணெய் இருந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அந்த நாளிலிருந்து என் கோட்டுப் பையில் டேப் இல்லாமல் நான் கிளினிக்குக்குப் போனதில்லை.

அதனால் கேளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்தோ கனத்தோ இருந்தால், அதுவும் கட்டு, ஆபரேஷன், நீண்ட படுக்கை, நெடும் பயணம், பிரசவம் இவற்றுக்குப் பிறகு என்றால், ரோலர், கட்டை, எண்ணெய், மசாஜ் கன் எதுவும் அந்தக் காலைத் தொடக் கூடாது. இரண்டு காலுக்கும் சுற்றளவில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. வித்தியாசம் அவ்வளவு இல்லையே என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். கூடவே மூச்சு வாங்குவது, நெஞ்சு வலிப்பது, இருமலில் ரத்தம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சுருள் சிரை நரம்பு புடைத்திருப்பவர்கள், எலும்பின் அடர்த்தி மிகவும் குறைந்துவிட்டது என்று டெக்ஸா ஸ்கேனில் தெரிந்தவர்கள், இவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உருட்ட வேண்டாம்.

ஈரோட்டுக்காரரின் மகன் நேற்று செய்தி அனுப்பியிருந்தார். ஸ்கேனில் உறைவு இருந்ததாம், மருந்து தொடங்கிவிட்டார்களாம், அப்பா நன்றாக இருக்கிறாராம். ரோலரைத் திருப்பி அனுப்பிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார். அனுப்ப வேண்டாம். மருந்து முடிந்து, உங்கள் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு எனக்கு எழுதுங்கள், எப்படி உருட்டுவது என்று அப்போது படத்தோடு சொல்கிறேன்.